காணேல்லை என்று எழுதியவள்

யாராவது உங்களிடம் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டால் உண்மையைச் சொல்வீர்களா?

சும்மா தலையாட்ட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும், "ஓம், இப்பதான் சாப்பிட்டிட்டு வாறன்" என்பதுதான் மரியாதை. வீட்டுக்காரர் அதை நம்பமாட்டார், திரும்பக் கேட்பார். நாங்களும் திரும்ப மறுப்போம். கடைசியில் எப்படியும் பால் விடாத பிளேன்ரியும் பிஸ்கற்றும் வரும். எல்லோருக்கும் விதி தெரிந்த விளையாட்டு இது.

அவளுக்கு மட்டும் தெரியாது. கம்பஸ் முதல் வருடத்தில், பரீட்சைக்கு முன்னால் சேர்ந்து படிப்பதற்கு எங்கள் பட்ச் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா வாசலில் நின்றே கேட்டார்.

"பிள்ளையள், சாப்பிட்டிட்டோ வந்தனீங்கள்?"

"ஓம் அன்ரி!" என்றது முழுக் கூட்டமும்.

"இல்லை அன்ரி. காலமையும் சாப்பிடேல்லை" என்றாள் அவள்.

அம்மா குசினிக்கு ஓடினார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன, ஒரே ஒரு சாப்பாட்டுக் கோப்பையில். அவள் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டாள். நாங்கள் எல்லோரும் வாசனையை மட்டும் மூக்கில் வாங்கிக்கொண்டு கலப்பிரிவு படித்தோம்.

"புட்டு எப்பிடிப் பிள்ளை?"

"புட்டு நல்லாயிருக்கு அன்ரி. குழம்புக்கு உப்புக் காணாது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பெயர் உப்புப் பிள்ளை. எங்கள் பட்சில் யார் வந்தாலும் அம்மா கேட்பார்: "எங்கை உந்த உப்புப் பிள்ளை வரேல்லையோ?" கோபமாகக் கேட்பது போலத்தான் இருக்கும். ஆனால் குழம்பை ஒருமுறை ருசி பார்த்துவிட்டுத்தான் கேட்பார்.

சொந்தப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் "என்னைக் கேட்டிட்டோ எழுதினனீர்?" என்று ஒரு செய்தி வரும். குருநகர்ப் பெண், கத்தோலிக்கக் குடும்பம். அப்பா கடலுக்குப் போகிறவர். கட்டையான உருவம், பெரிய பொக்கற் வைத்த சட்டை, செயின் கழன்று கழன்று விழும் ஒரு சைக்கிள். என் பதிவிலக்கத்துக்கு அடுத்தது அவளுடையது. உயிரியல் பிரக்டிகலுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது அந்த ஒரே காரணத்துக்காக அவளை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் நாளே சண்டை. நுணுக்குக்காட்டியில் ஒரு துளி குளத்துத் தண்ணீரை வைத்து, தெரிகிற அமீபாவைப் பார்த்து வரையச் சொன்னார்கள். நான் புத்தகத்தை மடியில் திறந்து வைத்துக்கொண்டு, கரு, போலிக்கால் எல்லாம் போட்டு ஒரு சூப்பர் அமீபா வரைந்தேன். எட்டி அவள் கொப்பியைப் பார்த்தேன். மங்கலாக ஒரு திட்டு, குறுக்கே நீளமாக ஒரு கோடு.

"உந்தக் கோடு என்ன?"

"மயிர். என்ரையோ உம்மடையோ தெரியாது."

"அமீபாவையெல்லோ வரையச் சொன்னவை."

"வரேல்லையே."

"அப்ப உந்தத் துளியிலை அமீபா இல்லையோ?"

"இல்லை எண்டு நான் எங்கை சொன்னனான்? காணேல்லை எண்டுதான் சொன்னனான்." பிறகு என் படத்தைப் பார்த்தாள். "உம்மடை அமீபா வடிவாயிருக்கு. எதுக்குள்ளை கண்டனீர்?"

எனக்கு முழுப் புள்ளி, அவளுக்குப் பாதி. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எனக்குத்தான் விசர் வந்தது. மொத்தத்தில் அவள் அவ்வளவுதான். 'இல்லை' என்பது வேறு, 'காணேல்லை' என்பது வேறு. நீங்களும் நானும் ஒன்றிலிருந்து மற்றதற்கு யோசிக்காமல் தாவுவோம். அவள் தாவமாட்டாள். அதோடு, கேட்டதற்கு மேலே ஒரு சொல்லும் சொல்லமாட்டாள். கலைவிழாவன்று ஒரு பிள்ளை வந்து "என்ரை சாறி எப்பிடி, வடிவோ?" என்று இவளிடம் போய்க் கேட்டது. "சாறி வடிவு" என்றாள். அந்தப் பிள்ளை மிச்சத்துக்குக் காத்துக்கொண்டு நின்றது. மிச்சம் வரவேயில்லை. ஒரு கிழமை பேச்சு வார்த்தை இல்லை.

அந்த வியாதி பரம்பரையோ என்று பார்க்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்ஸ் வாங்கக் குருநகருக்குப் போனேன். கரையில் அவள் அப்பா வலை உதறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கூடை வெறுமையாகக் கிடந்தது. சும்மா கதை கொடுப்போம் என்று, "என்ன அங்கிள், கடலிலை மீன் இல்லைப் போல" என்றேன்.

அவர் வாயைத் திறக்குமுன் இவள் குறுக்கே விழுந்தாள். "நீர் உள்ளுக்கை போய்ப் பாத்தனீரோ? வலையிலை படேல்லை. அவ்வளவுதான்."

"விடு பிள்ளை" என்றார் அவர். "தம்பி சும்மா கேட்டவர்."

இல்லை, பரம்பரை கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் அரையாண்டில் குடித்தொகை என்று ஒரு பாடம். ஓர் உயிரினம் ஓரிடத்தில் எப்படிப் பெருகும், எங்கே போய் நிற்கும் என்ற கதை. அதற்கு ஒரு பிரக்டிகல். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு ஜாம் போத்தல். அதில் அவித்து ஆறவைத்த வைக்கோல் தண்ணீர், மேலே காய்ந்த வைக்கோல் ஒரு பிடி. ஓரிரு நாளில் அதற்குள் கொல்போடா தலைகாட்டும். ஒற்றைக்கல உயிர், புரட்டிஸ்டா வகையறா, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் முந்திரிப்பருப்பு, எங்கள் ஊரில் கஜுக்கொட்டை, நீந்துவது மாதிரி இருக்கும். நாளுக்கு ஒரு துளி எடுத்து எண்ண வேண்டும், எண்ணியதை வரைபாகக் கீற வேண்டும். கிழமைக்கு ஒருமுறை புதிதாக வைக்கோல் தண்ணீர் அவித்து ஆறவைத்துப் போத்தலில் விட வேண்டும். புத்தகத்தில் அந்த வரைபு ஆங்கில எஸ் எழுத்தை இழுத்து விட்டது போல இருக்கும். முதலில் மெதுவாக ஏறும், பிறகு விறுவிறுவென்று, பிறகு சாப்பாடும் இடமும் காணாமல் தட்டையாகிவிடும்.

நாங்கள் விறுவிறு கட்டத்துக்கு வந்த நேரம் ஊழியர்களின் வேலைநிறுத்தம். லாப் பூட்டு. இன்றைக்குத் திறக்கும் நாளைக்குத் திறக்கும் என்று ஒரு மாதம் தாண்டியது. வெயில் என்றால் யாழ்ப்பாணத்து வெயில். திறந்து பார்த்தால் அத்தனை போத்தலும் வற்றி, அடியில் மண்ணிறத்தில் ஒரு பொருக்கு, கண்ணாடியில் தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு வளையம்.

எங்கள் பட்ச் ரெப் சுதன் உடனே தீர்ப்புச் சொன்னான். "எல்லாம் அவுட் மச்சான். புத்தகத்திலை எஸ் இருக்கு. மிச்சத்தைக் கீறுங்கோ, குடுங்கோ, போங்கோ." எல்லோரும் போத்தல்களைச் சிங்குக்குக் கீழே தள்ளினார்கள். கழுவவில்லை. கழுவுவது எப்போதும் வேறு யாரோ ஒருவரின் வேலை.

நான் வரைபுத்தாளை எடுத்தேன். அவள் ஊசியை எடுத்தாள். பொருக்கில் கொஞ்சம் சுரண்டி, ஒரு துளி தண்ணீர் விட்டு, பார்த்தாள்.

"என்ன தெரியுது?" என்றேன் நக்கலாக.

"நீந்துறது ஒண்டையும் காணேல்லை. குட்டிக் குட்டியா உருண்டையள் கிடக்கு. என்னெண்டு தெரியேல்லை."

அதையே எழுதினாள். அடுத்த நாளும் அதையே எழுதினாள். பிறகு வைக்கோல் அவித்தாள்.

"உமக்கு விசரே? செத்ததுக்குச் சாப்பாடு போடுறீர்."

"கிழமைக்கு ஒருக்கா விடச் சொல்லித் தாளிலை கிடக்கு. கிழமை வந்திட்டுது."

இவ்வளவுதான் அவளுடைய காரணம். ஏதோ தெரிந்து செய்தாள் என்று நினைக்காதீர்கள். அடுத்த நாள் பத்து மணிக்கு நுணுக்குக்காட்டியில் கண் வைத்தவள், தலையைத் தூக்காமல் என் சேர்ட் கையைப் பிடித்து இழுத்தாள். பார்த்தேன். கஜுக்கொட்டைகள். முட்டி மோதி நீந்திக்கொண்டிருந்தன. அந்த உருண்டைகள் சிறைப்பைகளாம். தண்ணீர் வற்றினால் கொல்போடா தன்னைச் சுற்றி ஒரு கோது கட்டிக்கொண்டு உள்ளே ஒடுங்கிவிடும், தண்ணீர் வந்தால் உடைத்துக்கொண்டு வெளியே வரும். இரவிரவாகப் புத்தகம் தேடி நான்தான் இதைக் கண்டுபிடித்தேன், அந்தப் பெருமையாவது எனக்கு இருக்கட்டும்.

கன்ரீனில் சுதன் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். "டேய், வேதக்காரப் பிள்ளையின்ரை போத்தலெல்லோ! மூண்டாம் நாள் உயிர்த்தெழுந்திட்டுதாம்!"

"மூண்டு நாள் இல்லை" என்றாள் அவள், வடையைக் கடித்தபடி. "ஒரு மாசத்துக்கு மேலை."

ரிப்போர்ட் கொடுத்தோம். விரிவுரையாளர் சேர், வேலைநிறுத்தம் முடிந்த பிறகுதான் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இந்தப் பாடத்தைப் பொறுப்பெடுத்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் போத்தல்கள் வற்றியது அவருக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லையே. அவர் கையில் கிடைத்தது அழகழகான எஸ்கள் ஒரு கட்டும், ஏறி, விழுந்து, தரையில் கிடந்து, மறுபடி ஏறுகிற எங்கள் கோணல் வரைபு ஒன்றும். முழு வகுப்புக்கும் முன்னால் எங்களை எழுப்பினார்.

"எல்லாப் போத்தலும் ஒரே அறை, ஒரே வெயில். மற்ற ஒண்டும் வற்றேல்லை. உங்கடை மட்டும் வற்றினதோ?"

"எங்கடை வற்றினது சேர்" என்றாள் அவள்.

"பிள்ளை, நான் சொல்லட்டோ என்ன நடந்ததெண்டு? உங்கடை கல்ச்சர் செத்துப்போச்சு. பிறகு குளத்துத் தண்ணி கொஞ்சம் ஊத்தியிருக்கிறீர். அதை எழுதாமல் மறைச்சிருக்கிறீர். மறந்துபோனன் எண்டு இப்ப சொன்னீரெண்டால் பத்துப் புள்ளி குறைச்சிட்டு விடுறன். இல்லையெண்டால் இது கள்ளத் தரவு. கமிட்டிக்கு எழுத வேண்டி வரும்."

கமிட்டிக்குப் போனால் பாடம் போகும். பாடம் போனால், நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு அவளை எடுக்கமாட்டார்கள். நீர்வாழ் உயிரியல் படிக்க வேண்டும் என்பதற்காகவே அவள் கம்பஸுக்கு வந்தவள். எனக்கு அது முழுதாகத் தெரியும். மேசைக்குக் கீழே அவள் காலை உதைத்தேன். மறந்துபோனேன் என்று ஒரு வார்த்தை. புட்டுக்கு முன்னால் சொல்கிற "ஓம் அன்ரி" போல ஒரு வார்த்தை.

"நான் ஊத்தேல்லை சேர்." குரல் கொஞ்சம் நடுங்கியது. அவள் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். "மற்றப் போத்தலுகளும் சிங்குக்குக் கீழை கிடக்கு. நீங்கள் பாக்கலாம்."

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. நாளைக்குக் காலமை எல்லாரும் லாப்பிலை நில்லுங்கோ."

பின்னேரம் சுதன் என்னை மரத்தடிக்கு இழுத்தான். "மச்சான், அவளோடை கதை. அவளாலை முழு பட்சுக்கும் ஆப்பு."

"கதைச்சுப் பாத்தனான். 'ஊத்தேல்லையே' எண்டுறாள். அதுக்கு மேலை என்னத்தைக் கதைக்கிறது?"

"அப்ப போத்தலைக் கழுவி வைப்பம். பொருக்கு இல்லையெண்டால் சாட்சி இல்லை."

"டேய், அவளிட்டை இருக்கிறது அது ஒண்டுதான்."

"எங்களிட்டை இருக்கிறதும் ஒரு எஸ் தான்" என்று போய்விட்டான்.

அரை மணித்தியாலத்தில் முழங்கை வரை ஈரத்தோடு திரும்பி வந்தான். நான் அவன் கையைப் பார்த்தேன். "கழுவிப்போட்டியோ?"

"நாத்தமடா! காய்ஞ்சு இறுகிப்போய்க் கிடக்கு, தேய்ச்சும் போகேல்லை. பைப்பைத் திறந்து எல்லாத்தையும் நிரப்பி ஊறப்போட்டிட்டன். புட்டுப் பானை அடிப்பிடிச்சால் வீட்டிலை ஊறத்தானே போடுறவை. காலமை வெள்ளெண வந்து ஒரு தேய்ப்பு, முடிஞ்சுது."

அவள் சைக்கிளில் செயினைக் கொளுவிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சொன்னேன். கத்துவாள், அழுவாள், குறைந்தபட்சம் சுதனைத் தேடிப்போய் நாலு கேட்பாள் என்று நினைத்தேன்.

"ஊறப்போட்டவனோ?" என்றாள். கிரீஸ் விரல் அந்தரத்தில் நின்றது. "வைக்கோலை எடுத்திட்டோ, எடுக்காமலோ? சாப்பாடு அதுதானே."

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"சரி. நாளைக்குப் பாப்பம்." ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் சுதன் பிரஷ்ஷோடு வெள்ளெண வந்துதான் பார்த்தான். சேர் அவனுக்கு முன்னமே வந்து சிங்கின் முன்னால் குந்திக்கொண்டிருந்தார். போத்தல்கள் கழுத்து வரை தண்ணீரோடு நின்றன. ஆனால் கண்ணாடியில் அந்தப் பழைய வளையங்கள் அப்படியே இருந்தன, ஒவ்வொன்றிலும்.

"ஆர் தண்ணி விட்டது?"

சுதன் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தான்.

சேர் ஒரு போத்தலிலிருந்து துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தார். நெடுநேரம் பார்த்தார். இரண்டாவது போத்தல், மூன்றாவது போத்தல். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து, "கனக்க" என்றார். "எல்லாத்திலையும் கனக்க நீந்துது."

எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. வாயெல்லாம் பல்லாக அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சுருங்கியிருந்தது.

"சேர், பைப்புத் தண்ணியிலையும் ஒரு துளி பாக்க வேணும்."

நான் செத்தேன். வென்றாகிவிட்டது, தாயே, பேசாமல் இரும்! கம்பஸ் பைப்பில் வருவது கிணற்றிலிருந்து ராங்கிக்கு ஏற்றுகிற தண்ணீர். அந்த ராங்கியை எந்தக் காலத்தில் கழுவினார்களோ. அதில் ஒரே ஒரு கஜுக்கொட்டை நீந்தினாலும் போதும், உயிர் பொருக்கிலிருந்து வரவில்லை, தண்ணீரோடுதான் வந்தது என்று ஆகிவிடும். அவள் கதை அந்த இடத்தில் முடிந்துவிடும். இது அவளுக்குத் தெரியாமலில்லை. சட்டைப் பொக்கற்றுக்குள் இரண்டு கையையும் விட்டு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

சேர் பைப்பைத் திறந்தார். ஒரு துளி பார்த்தார். இன்னொன்று. சிலைட்டை மாற்றி இன்னுமொன்று.

"இல்லை" என்றார்.

"காணேல்லை, சேர்" என்றாள் அவள்.

சேர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஓம் பிள்ளை. காணேல்லை. நான் சொன்னது பிழை, நேற்றுச் சொன்னதும் பிழை."

சிரிப்பு அடங்கியதும் வளையம் போட்ட போத்தல்களையும் தன் கையிலிருந்த எஸ் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். வற்றிக் கிடந்த போத்தலில் நீந்தியதை எண்ணியவர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். என் பெயர் கோணல் வரைபில் இருந்தது அவள் புண்ணியம்.

"அப்ப இவை ஒருத்தரும் எண்ணேல்லையோ?" அவளிடம்தான் கேட்டார். அவள் பொய் சொல்லமாட்டாள் என்று அதற்குள் அவருக்கும் தெரிந்துவிட்டது.

சுதன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "அவையள் எண்ணினதையும் நான் காணேல்லை சேர். எண்ணாமல் விட்டதையும் காணேல்லை. என்ரை கண் நுணுக்குக்காட்டியிலை இருந்தது."

அது தந்திரமே இல்லை. அவளுக்குத் தந்திரம் வராது. கேட்டதற்கு, கண்டதை மட்டும் சொன்னாள். பட்ச் முழுவதும் ஒன்றாக மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. வருடம் முழுக்க நாங்கள் கரித்துக் கொட்டிய அந்தக் குணம், அந்தக் காலையில் எங்கள் எல்லோருடைய கழுத்தையும் காப்பாற்றியது.

"சரி" என்றார் சேர். எஸ் கட்டை இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "எல்லாரும் முதல்லை இருந்து செய்யுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் வரத் தேவையில்லை."

நான் கிட்டத்தட்ட வாசலைத் தாண்டிவிட்டேன்.

"நாங்களும் வாறம் சேர்" என்றாள் அவள். "ஒருக்காத்தானே பாத்தனாங்கள்."

சுதன் அன்று கன்ரீனில் அவளுக்கு இரண்டு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தான். "ரோல்ஸ் எப்பிடி?" என்று மட்டும் கேட்கவில்லை.

அவள் நினைத்த பட்டம் கிடைத்தது. இப்போது கடல் ஆய்வு வேலையில், காங்கேசன்துறைக்கு வெளியே படகில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளுகிறாள். சிக்னல் கிடைக்கும்போது படம் அனுப்புவாள், வெறும் தண்ணீரின் படம். சாப்பிட்டாச்சோ என்று கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பாள். நான் அதே லாப்பில் பிரக்டிகல் சொல்லிக் கொடுக்கிற தற்காலிக டெமோ. இந்த வருட முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் ஜாம் போத்தல்களை யன்னலோரம் நான்தான் அடுக்கி வைத்தேன். துளியில் ஒன்றும் தெரியாவிட்டால் என்ன எழுத வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

இன்று காலையிலிருந்து மறுபடியும் வேலைநிறுத்தம். லாப் பூட்டிக் கிடக்கிறது, போத்தல்கள் எல்லாம் உள்ளே.